பெரிய வெள்ளியன்று கடலில் யாரும் இல்லை

எண்பத்திரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது எமிலியக்காவுக்கென்று ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு போனேன். கனமான பித்தளைப் பூட்டு. நான் இருக்கும் நகரத்தில் ஒவ்வொரு வாசலிலும் அப்படி ஒன்றிரண்டு தொங்கும். தூரத்தில் இருந்துகொண்டு ஊர்ச் செய்தி கேட்கிறவனுக்கு நெஞ்சு ஓரிடத்தில் நிற்காது. சந்தியில் வெட்டினார்களாம், பஸ்ஸை மறித்தார்களாம், இப்போது கத்தி போய்த் துவக்கும் வந்துவிட்டதாம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். எல்லாவற்றுக்கும் மருந்து ஒரு பூட்டு என்று எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

எமிலியக்கா பூட்டைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார்.

"நல்ல பாரமாய்க் கிடக்கு. வலைக்கு அடியிலை கட்டலாம்."

"பகிடி விடாதையுங்கோ அக்கா. காலம் கெட்டுக் கிடக்கு."

"காலம் எப்ப தம்பி நல்லாய்க் கிடந்தது? நீ போய் இருக்கிற இடத்திலை ஒருத்தனும் ஒருத்தனைக் குத்திறேல்லையோ?"

குத்துகிறார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அவர் என் பெரியம்மாவின் மகள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் அற்றண்டன் வேலை. கலியாணம் முடித்த அதே ஐம்பத்தாறாம் ஆண்டில்தான் அந்த வேலைக்கும் போனார். காயம் கழுவுவது, கட்டுச் சீலை மாற்றுவது, இரத்தம் பட்ட நிலத்தைத் தேய்ப்பது எல்லாம் அவர் கையால்தான் நடந்தன. அதனால் தீவுக்குள் அடிதடி எப்படி வளர்ந்தது என்பதை எந்தப் பத்திரிகையையும் விட அவரிடம் கேட்டு அறியலாம்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் துடுப்பால் உடைந்த மண்டைகள்தான் வருமாம். அடித்தவனும் அடி வாங்கியவனும் ஒரே வண்டிலில் வந்து இறங்குவார்கள். "மருந்து கட்டேக்கையே ராசியாகிப் போடுவினம். எனக்குத்தான் தண்ணி காச்சின வேலை மிச்சம்" என்பார். பிறகு வள்ளங்களுக்கு எஞ்சின் வந்தது. நைலோன் வலை வந்தது. துறையடியில் கடைகள் கூடின. தேத்தண்ணிக் கடை ஒவ்வொன்றிலும் ஒரு றேடியோ, அதற்குப் பின்னால் சாராயம். அக்கரையிலிருந்து இரவில் கள்ளச் சாமான் இறங்கத் தொடங்கியது. சாமான் இறங்கும் இடத்தில் அதைக் காக்க ஆள் வேண்டும்; சந்திக்குச் சந்தி ஒரு சண்டியன் முளைத்தான். முதலில் உடைந்த போத்தல் காயங்கள், பிறகு வில்லுக்கத்திக் காயங்கள். வண்டிலுக்குப் பதிலாகக் கார் வந்தது. குத்தினவன் கூடவே வருவதில்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை. காயத்தோடு வருகிறவனிடம் என்ன நடந்தது என்று கேட்டால், எங்கள் கடற்கரைகளில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "திருக்கை குத்தினது."

திருக்கையின் வாலில் முள் உண்டு. வலையிலிருந்து மீன் கழற்றும்போது குத்தும். உண்மையாகவே குத்துப்பட்டு வருகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் கடலுக்கே போகாத கடைக்காரனுக்கும் திருக்கைதான் குத்தும், கலியாண வீட்டுப் பந்தலுக்குள் நின்றவனுக்கும் திருக்கைதான் குத்தும். டொக்டர் தான் கண்டதை எழுதுவார். பொலிசுக்குக் காயக்காரனே திருக்கை என்று சொன்னால் வழக்கு எங்கே? ஊர்க் காரியம் ஊருக்குள்ளே முடிந்துவிடும். முடிவது என்றால், பலமுள்ளவன் பக்கத்துக்கு முடிவது.

"அந்த நாளையிலை திருக்கைக்குத்தான் எத்தினை கொலைப்பழி! பாவம், வாய் இல்லாத சீவன்" என்று அக்கா சிரிப்பார். ஒருநாள் அந்தப் பொய்யை அவர் புருஷனையே சொல்லச் சொன்னார்கள். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அவருடைய புருஷன் யாக்கோப்பு. ஊருக்கெல்லாம் யாக்கோப்பண்ணை, எனக்கும் அப்படித்தான். அவருக்குக் களங்கண்ணித் தொழில். ஆழம் குறைந்த கடலில் வரிசையாகக் கம்பு நட்டு, வலையைச் சுற்றிக் கட்டி, வற்றுத்தண்ணீரோடு இறங்கும் மீனை உள்ளே மடக்குகிற தொழில். எந்த இடத்தில் யார் கம்பு நடுவது என்று ஒவ்வொரு வருஷமும் கோயிலில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எழுபத்திரண்டாம் ஆண்டில் யாக்கோப்பண்ணைக்கு விழுந்த இடம், கடலுக்குள் ஆழமாக ஓடும் வாய்க்காலின் ஓரம். மீனுக்கு நல்ல இடம். பஸ்ரியாம்பிள்ளைச் சம்மாட்டியாரின் எஞ்சின் வள்ளங்கள் இரவில் சத்தமில்லாமல் கரைக்கு வருவதற்கும் அதுதான் நல்ல இடம்.

பஸ்ரியாம்பிள்ளை வலையும் வள்ளமும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்பும் முதலாளி. எங்கள் கிராமத்தில் பாதிப் பேருக்கு அவர் வீட்டு அடுப்பில்தான் சோறு. அவருடைய தங்கை மகன் பிலிப்பு. அவனுக்குத் தொழில் என்று ஒன்றும் இல்லை. மாமனுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் தொழில். கம்பைப் பிடுங்கு என்று அவன் வந்து சொன்னான். கோயிலில் விழுந்த சீட்டு, நான் பிடுங்கமாட்டேன் என்று யாக்கோப்பண்ணை சொன்னார்.

பெரிய வெள்ளி வந்தது, ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. ஆணி அடிக்கமாட்டார்கள், வலை தொடமாட்டார்கள். கோயில் மணிகூட அடிக்காது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். யாக்கோப்பண்ணை ஊரிலேயே நல்ல குரல்காரர். ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டை வருஷா வருஷம் அவர்தான் முன்னுக்கு நின்று எடுத்துக் கொடுப்பார். அன்றைக்கும் பாடினார். நானும் யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து லீவில் வந்து அங்கே இருந்தேன். அவர் குரல் உடைந்த இடத்தில் பெண்கள் அழுதார்கள்.

பாட்டு முடிந்து, மூன்று மணி வழிபாட்டுக்கு முன்னர் தண்ணீர் குடிக்க அவர் வீட்டுக்குப் போனார். வீடு கரையில். கடல் வெறுமையாகக் கிடக்கும் நாள் பார்த்துப் பிலிப்பு கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றான், இடுப்பளவு தண்ணீரில். யாக்கோப்பண்ணை வெள்ளை வேட்டியோடு கரையில் நின்று சத்தம் போட்டார். அவன் கரைக்கு ஏறி வந்தான். பின்னால் ஓடிவந்த எமிலியக்காவின் கண்ணுக்கு முன்னால், யாக்கோப்பண்ணையின் தோள்மூட்டில் கத்தியை இறக்கினான். சத்தம் கேட்டுக் கோயிலிலிருந்து சனம் ஓடிவந்தது. பிலிப்பு கத்தியோடு நடந்து போவதைப் பாதி ஊர் பார்த்தது.

காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சம்மாட்டியாரின் ஆட்கள் எங்களுக்கு முன்னரே பொலிசுக்குப் போய்விட்டார்கள். அங்கே யோசிக்காமல், வழக்கம்போல, அந்த ஒரே பதிலைச் சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டார்கள். யாக்கோப்பு கடலில் நின்றாராம், திருக்கை குத்தினதாம்.

அடுத்த நாள் சம்மாட்டியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பிஸ்கற் பெட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம். யாக்கோப்பண்ணை கட்டிலில் படுத்திருந்தார். எமிலியக்கா அன்றைக்கு வேலை உடுப்போடு தலைமாட்டில் நின்றார். நான் கால்மாட்டில்.

"என்ன யாக்கோப்பு, நோ குறைஞ்சுதோ? பெடியன் வெறியிலை செய்து போட்டான். நான் நல்லாய் ஏசிப்போட்டன்" என்றார் சம்மாட்டியார். "பொலிஸ் சார்ஜன் வாக்குமூலம் எடுக்க வருவார். ஆக்கள் சொன்னதையே நீயும் சொல்லிவிடு. புது நைலோன் வலை ஒண்டு என்ரை வாடியிலை கிடக்கு. சுகமானவுடனை வந்து எடு."

யாக்கோப்பண்ணை மேலே முகட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஓம் சம்மாட்டியார்" என்றார்.

"என்ன ஓம்?" என்றார் எமிலியக்கா.

"நீ சும்மா இரு எமிலி."

"ஏன் சும்மா இருக்க? எந்தக் கடலிலை நிண்டனீங்கள்? எனக்கும் ஒருக்கால் சொல்லுங்கோவன்."

"பிள்ளை, ஒரு சொல்லுத்தானே" என்றார் சம்மாட்டியார்.

"ஓம், ஒரு சொல்லுத்தான். பெரிய வெள்ளியண்டு இந்த மனுசன் கடலிலை இறங்கினது எண்டு ஒரு சொல்லு. காலமை முழுக்க ஆண்டவரின்ரை பாட்டைப் பாடிப்போட்டு, மத்தியானம் வலை பாக்கப் போனது எண்டு ஒரு சொல்லு. கடலிலை இறங்கினவன் உங்கடை மருமோன். அந்தப் பாவமும் எங்கடை தலையிலையோ?"

சம்மாட்டியாருக்கு அப்போதுதான் அது தட்டியிருக்க வேண்டும். என்ன நாள் என்பதை மறந்துபோய்ப் பொய் சொல்லிவிட்டார்கள். காயக்காரன் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அதே நாள். இனித் திகதியை மாற்றவும் முடியாது.

"சனம் ஒண்டும் சொல்லாது. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் கடைசியில்.

"சனம் என்ன சொல்லும் எண்டு நான் கேக்கேல்லை. அடுத்த வருசம் இவர் எந்த முகத்தோடை அந்தப் பாட்டை எடுக்கிறது? அதைச் சொல்லுங்கோ."

சம்மாட்டியாரின் குரல் மாறியது. "எமிலி, உமக்கு அரசாங்க வேலை. எனக்கும் நாலு பெரியாக்களைத் தெரியும். நெடுந்தீவுக்கு மாத்தம் வந்தால் ஒவ்வொரு நாளும் வள்ளத்திலை போய்வர ஏலுமோ?"

"அங்கை ஆக்களுக்குக் காயம் வராதோ? வரும். கழுவுவன். பிஸ்கற் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கோ, எறும்பு வரப்போகுது."

அவர் போன பிறகு யாக்கோப்பண்ணை அழுதார். "எனக்குக் கை போச்சு எமிலி. வீட்டைக் கொளுத்துவாங்கள். தொழிலுக்கு ஒருத்தனும் வரமாட்டான். நீ என்னத்துக்கு வாய் காட்டுறாய்?"

"கொளுத்தினால் ஓலை வேயலாம். உங்களைப் பெரிய வெள்ளியிலை மீன் பிடிச்சவன் எண்டு எழுதிப்போட்டினம் எண்டால், அதை எந்த ஓலை போட்டு மூடுறது?"

சார்ஜன் வந்து கதிரையில் இருந்துகொண்டு பேனையைத் திறந்தபோது, யாக்கோப்பண்ணை "நான் கடலுக்குப் போகேல்லை ஐயா. பிலிப்பு குத்தினவன்" என்றார். சொல்லிவிட்டு அக்காவைத்தான் பார்த்தார், சார்ஜனை அல்ல.

வழக்குக்கு நாள் குறித்தார்கள். அதுவரைக்கும் எமிலியக்கா நடந்த தெருவில் ஆட்கள் மறுபக்கம் போனார்கள். வீட்டுக் கிணற்றுக்குள் யாரோ அழுகிய மீனைக் கொட்டினார்கள். பக்கத்து வீட்டு மேரிஜோசப்பின், எமிலியக்காவோடு ஒரே நாளில் ஒரே கோயிலில் கலியாணம் முடித்தவள், வேலியோடு நின்று இரகசியமாகச் சொன்னாள்: "எல்லாம் கண்டனாங்கள்தான் அக்கா. ஆனால் இவர் சம்மாட்டியின்ரை வள்ளத்திலை எல்லோ போறவர். வாய் திறக்க ஏலாது."

"திறக்க வேண்டாம்" என்றார் எமிலியக்கா. "ஆனால் ஒண்டு கேக்கிறன். என்ரை மனுசனைக் கடலிலை கண்டது எண்டு சொல்லுறதுக்கும் ஒருத்தன் வாய் திறக்கவேணும் எல்லோ? அவன் எங்கை நிண்டு கண்டவனாம்?"

மேரிஜோசப்பின் விளங்காமல் நின்றாள்.

"ஊர் முழுக்கக் கோயிலிலை இருக்கேக்கை கடலிலை நிக்கிறவனைக் காண, தானும் கடலிலை நிக்க வேணும். பெரிய வெள்ளியிலை கடலிலை நிண்டனான் எண்டு சொல்லப்போற அந்த வீரன் ஆர்? நீயே ஊருக்குள்ளை கேட்டுப் பார்."

அவள் கேட்டிருக்கிறாள். சில நாளுக்குள் அந்தக் கேள்வி கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் நின்றது. யாரும் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வழக்கு நாளன்று நீதிமன்றம் நிறைந்திருந்தது. எமிலியக்கா கூண்டில் ஏறினார். பிலிப்பு எதிரே இருந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தான். அவரும் கண்ணை எடுக்கவில்லை. அவனுடைய பிரக்கிராசியார் எழும்பினார். வழக்காடிப் பழுத்த மனிதர், கோபப்படாமல் கேட்பவர்.

"நீர் ஆஸ்பத்திரியிலை எத்தனையோ திருக்கைக் காயம் பார்த்தனீர் அல்லவா?"

"பார்த்தனான் ஐயா."

"கத்திக் காயமும் திருக்கைக் காயமும் ஒரே மாதிரித் தெரியலாம் அல்லவா?"

"காயம் தெரியலாம் ஐயா. குத்தினது தெரியாமல் போகாது. திருக்கை தூஷணம் பேசாது. குத்திப்போட்டு, 'பொலிசுக்குப் போனால் உன்ரை மற்றக் கையையும் எடுப்பன்' எண்டு சொல்லாது. இவர் சொன்னவர்."

சபையில் சிரிப்பு எழுந்தது. நீதவான் மேசையில் தட்டினார். ஆனால் பிலிப்பின் முகம் கறுத்துப் போனது. அக்கா இன்றைக்குத் திரும்பி வீட்டுக்குப் போவாரா என்ற யோசனைதான் எனக்கு.

அதன் பிறகு பிலிப்பின் பக்கத்துச் சாட்சி. குருசுமுத்தர், சம்மாட்டியாரின் மூத்த தொழிலாளி, நரைத்த மனிதர். வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். யாக்கோப்புவைத் தண்ணீருக்குள் கண்டதாக மெல்லிய குரலில் சொன்னார். பொலிஸ் தரப்பில் சார்ஜன் எழும்பினார்.

"எந்த நாள் கண்டனீர்?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

குருசுமுத்தர் வேதப் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பெரிய வெள்ளிதானே? அப்ப நீர் எங்கை நிண்டனீர்? கடலிலையோ?"

"ஐயோ, இல்லை ஐயா!" கிழவர் பதறிப்போனார். "நான் கோயிலிலை. பிறந்த நாள் தொட்டு நான் அந்த நாளிலை கடலைத் தொட்டதில்லை. வேணுமெண்டால் சாமியாரைக் கேளுங்கோ."

"அப்ப எப்பிடிக் கண்டனீர்?"

அவர் சம்மாட்டியாரைப் பார்த்தார். பிறகு கூண்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "காணேல்லை ஐயா. எனக்கு ஏலாது" என்றார்.

பிலிப்புக்கு மறியல் விழுந்தது. சில மாதச் சிறைதான். எங்கள் பக்கத்தில் கத்தியால் குத்தியவன், குத்துப்பட்டவனின் சொல்லால் மறியலுக்குப் போனது அதற்கு முன் நடந்ததாக எனக்குத் தெரியாது. அக்கா நீதிமன்ற வாசலில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "வா தம்பி, பஸ் வரப்போகுது" என்றார். அவ்வளவுதான்.

வீடு கொளுத்தப்படவில்லை. இடமாற்றமும் வரவில்லை. ஆனால் யாக்கோப்பண்ணை பயந்த மற்றது நடந்தது. தொழிலுக்கு ஒருவரும் வரவில்லை. களங்கண்ணி ஒற்றை ஆள் தொழில் அல்ல. ஒருவர் கம்பை நேராகப் பிடிக்க, மற்றவர் மேலே நின்று கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். யாக்கோப்பண்ணைக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. கூலிக்குக் கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் காய்ச்சல் வந்தது. சீட்டில் விழுந்த இடம் வருஷம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தால், மறுவருஷம் சீட்டுப் போடாமலே அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது ஊர் வழக்கம். சம்மாட்டியார் அதற்குத்தான் காத்திருந்தார்.

பிலிப்பு வெளியே வந்து கொஞ்ச நாள். சனிக்கிழமை காலை. நான் யாழ்ப்பாணத்தில்; இது பார்த்தவர்கள் பிறகு சொன்னது. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஓய்வு நாள். கரையில் வள்ளங்கள் வந்து மீனை ஏலம் கூறுகிற நேரம். ஊர் முழுவதும் அங்கே. எங்கள் பக்கத்தில் பெண்கள் கிழிந்த வலை பொத்துவார்கள், கருவாடு போடுவார்கள், மீன் விற்பார்கள். களங்கண்ணிக்குக் கம்பு நடத் தண்ணீருக்குள் இறங்கியதில்லை. எமிலியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாக்கோப்பண்ணையின் பழைய சேட் ஒன்றை மேலே போட்டுக்கொண்டு, ஒரு கட்டுக் கம்போடு இறங்கினார்.

"உவள் என்ன செய்யிறாள்? வெட்கம் கெட்டவள்" என்று கரையில் ஒருத்தி சொன்னாள்.

"வெட்கப்பட்டவை வந்து பிடியுங்கோவன்!" என்று தண்ணீருக்குள்ளிருந்தே பதில் வந்தது.

நெஞ்சளவு தண்ணீரில் நின்று அக்கா கம்பைக் கட்டிப் பிடித்தார். யாக்கோப்பண்ணை தெப்பத்தில் நின்று வலது கையால் கட்டையை இறக்கினார். முதல் கம்பு சரிந்தது. இரண்டாவது நின்றது. நாலைந்து கம்பு நின்ற பிறகுதான் எஞ்சின் சத்தம் கேட்டது. வாய்க்காலுக்குள் சம்மாட்டியாரின் வள்ளம். சுக்கானில் பிலிப்பு. நேரே கம்பு வரிசையைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். கரையில் மீன் கூறிய குரல் நின்றுபோனது.

"எமிலி, விலகு!" என்று யாக்கோப்பண்ணை கத்தினார்.

அவர் விலகவில்லை. ஒரு கையால் கம்பைப் பிடித்தபடி மற்றக் கையை உயர்த்தினார்.

"பிலிப்பு! எஞ்சினை அமத்தடா! வலைப்பாடு எண்டு கண் தெரியேல்லையோ?"

"விலகணை எமிலியக்கா! பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது!"

"சொல்லுவன்! கோட்டிலையும் சொல்லுவன், கோயிலிலையும் சொல்லுவன்! ஏத்திறதெண்டால் ஏத்து. அங்கை பார், ஊரே கரையிலை நிக்குது. இண்டைக்குச் சனிக்கிழமை. கண்டனாங்கள் எண்டு சொல்ல ஒருத்தருக்கும் பாவம் வராது!"

பிலிப்பு கரையைத் திரும்பிப் பார்த்தான். குருசுமுத்தர் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். மேரிஜோசப்பின் அவருக்குப் பக்கத்தில். வேறு சிலரும் நடந்து வந்தார்கள். எல்லோரும் வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எஞ்சின் சத்தம் தணிந்தது. வள்ளத்தின் மூக்கு மெல்லத் திரும்பியது. கம்பு வரிசையைச் சுற்றி, தூரத்தால் போனது. அதன் அலை வந்து எமிலியக்காவின் கழுத்தைத் தாண்டி நாடி வரைக்கும் ஏறி இறங்கியது.

அவர் வாய்க்குள் போன உப்புத் தண்ணீரைத் துப்பினார். யாக்கோப்பண்ணை தெப்பத்தில் கட்டையைத் தூக்கியபடி அசையாமல் நின்றார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார் அக்கா. "தண்ணி ஏறப்போகுது. அடுத்த கம்பைத் தாங்கோ."